மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆங்கில வார்த்தைகளின் அர்த்தத்தை எளிமையாகப் புரியவைப்பது எப்படி?

உங்கள் மகள் மூன்றாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். தினமும் பத்து வார்த்தை அர்த்தத்தோடு மனப்பாடம் செய்துகொண்டு போக வேண்டும். டிக்‌ஷனரி வாங்கிக் கொடுத்தும் புரியவில்லை என்று அழுகிறாள், வேறு எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். மார்த்தாண்டம் பக்கம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடைசி வரியில், "நான் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ வரைதான் படித்தேன், என்னால் என்ன சொல்லிக் கொடுக்க முடியும்" என்று ஒரு வாக்கியம். இதற்கு முன் பதில் எழுதியவர்கள் எல்லாம் செயலிகளின் பெயரை அடுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் உறுத்தியது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் கருங்கல் பக்கத்தில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறவள். அதற்கு முன் சில வருடம் ஒரு தனியார் பள்ளியில் இருந்தேன், பெயர் வேண்டாம். படிப்பு பி.ஏ. ஆங்கிலம், அதுவும் தபால் வழியில். மொழியியல் படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்துவிட்டுக் கருத்துப் பெட்டியில் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். வரட்டும். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கண்டதைத்தான் நான் சொல்ல முடியும்.

எங்கள் பக்கம் அண்டி ஆபீஸ்கள் அதிகம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், முந்திரி ஆலையைத்தான் அப்படிச் சொல்வோம். டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் பலருடைய அம்மாமாருக்கு அங்கேதான் வேலை. அப்படி ஒரு பிள்ளையின் அம்மா ஒருநாள் பள்ளி டைரியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வீட்டில் யாரும் படிப்பைக் கவனிப்பதில்லை, வொக்காபுலரி சுத்தமாக வரவில்லை என்று சிவப்பு மையில் எழுதி விட்டிருந்தார்கள். அதையும் ஆங்கிலத்தில். அந்த அம்மாவைத் திட்டுவதற்காகவே எழுதியது, அந்த அம்மாவால் படிக்க முடியாத மொழியில். பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

"எனக்கு இங்கிலீஷ்ல ஒரு அட்சரமும் தெரியாது டீச்சர். நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க?" என்றார். விரல் நுனியெல்லாம் கருத்துக் கிடந்தது. அண்டித் தோட்டில் உள்ள எண்ணெய் தோலைப் பொசுக்கிவிடும். கையில் வேறு எண்ணெய் புரட்டிக்கொண்டுதான் உடைப்பார்கள், இருந்தாலும் கறை ஏறிவிடும்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். அன்றைய பத்தில் ஒன்று 'ஹோல்'. ஓட்டை என்கிற ஹோல் இல்லை, டபிள்யூவில் தொடங்குகிற ஹோல். அர்த்தம் 'என்டயர்' என்று பிள்ளை எழுதி வைத்திருந்தாள். சரி, என்டயர் என்றால் என்ன? அவள் கையிலிருந்த டிக்‌ஷனரியைத் திருப்பினால் அங்கே 'ஹோல்' என்று போட்டிருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் எத்தனை முறை போய்வந்தாலும் கையில் ஒன்றும் கிடைக்காது.

"ஆபீஸ்ல நீங்க என்ன வேல?" என்று கேட்டேன்.

"முதல்ல ஷெல்லிங்ல இருந்தேன், பொறவு பீலிங், இப்போ கிரேடிங்."

"கிரேடிங்ல என்ன செய்யணும்?"

"உடையாம முழுசா இருக்கது ஹோல். நெடுக்க ரெண்டாப் பொளந்தா ஸ்ப்ளிட். குறுக்க முறிஞ்சா பட்ஸ். பின்ன உள்ளதெல்லாம் பீசு. ஹோல்லயே வலுது சிறுதுன்னு நம்பர் பாத்துப் பிரிக்கணும்."

அந்த நம்பர் என்னவென்றால் டபிள்யூ 180, 240, 320 என்று போகும். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை பருப்பு நிற்கும் என்பதுதான் கணக்கு. எண் ஏற ஏறப் பருப்பு சிறுத்துக்கொண்டே வரும், விலையும் இறங்கும். இதை எந்தப் பள்ளிக்கூடமும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இங்கிலீஷில் ஒரு அட்சரமும் தெரியாதவர் பேசிய பேச்சா இது? ஷெல், பீல், கிரேட், ஹோல், ஸ்ப்ளிட், பீஸ். எல்லாவற்றுக்கும் அர்த்தம் தெரியும், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் எங்கே வித்தியாசம் என்பதும் தெரியும். ஹோல் என்பதற்கு அவர் சொன்ன விளக்கத்தில் பிள்ளைக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை. "கேட்டியா மக்ளே, அம்மா என்ன சொன்னா?" என்று மகளிடம் திரும்பினேன். "அப்போ நேத்து அப்பா கொண்டு வந்த சக்க ஹோல். நாம வெட்டித் தின்ன பொறவு ஹோல் இல்ல" என்றாள், பலாப்பழத்தைச் சொல்லி. அவ்வளவுதான், அந்த வார்த்தை அவளுக்கு இனி மறக்காது.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பதும் இதுதான். தெரியாத ஒரு சொல்லைத் தெரிந்த சொற்களால் சொல்வதற்குப் பெயர்தான் விளக்கம். பிள்ளைக்கு என்னென்ன தெரியும் என்பது டிக்‌ஷனரி போட்டவருக்குத் தெரியாது, வகுப்பில் நாற்பது பேரை வைத்துக்கொண்டிருக்கும் டீச்சருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். பாதி வேலை அதிலேயே முடிந்தது.

பெரிய பெரிய ஆட்களே இதில் வழுக்கியிருக்கிறார்கள். 1755-ல் லண்டனில் சாமுவேல் ஜான்சன் போட்ட ஆங்கில அகராதி புகழ்பெற்றது. அதில் 'நெட்வொர்க்' என்ற சொல்லுக்கு அவர் கொடுத்த விளக்கத்தில் 'ரெட்டிகுலேட்டட்', 'டெக்கஸேட்டட்', 'இன்டர்ஸ்டிசஸ்' என்று வருகிறது. குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, சம இடைவெளியில் கண்ணி விட்டது என்று சொல்ல வந்திருக்கிறார். குளச்சல் கடற்கரையில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருக்கும் பெரியவரிடம் கேட்டால், மடியில் கிடப்பதைத் தூக்கிக் காட்டியிருப்பார், வேலை முடிந்தது. ஜான்சன் பிள்ளைகளுக்காக எழுதவில்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் பிள்ளைகளுக்கு என்று அட்டையில் யானைப் படம் போட்டு விற்கிற புத்தகங்களும் இன்றைக்கும் இப்படித்தானே இருக்கின்றன?

இதைச் சரிசெய்ய முயன்ற ஒருவர் நம் பக்கத்து ஆள் மாதிரிதான். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், வங்காளத்தில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தவர். அங்குள்ள பிள்ளைகள் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனையே வந்தது. 1935-ல் எண்டிகாட் என்பவரோடு சேர்ந்து ஓர் அகராதி போட்டார். சொற்களும் தொடர்களுமாகச் சுமார் 24,000 இருக்கும், அத்தனைக்கும் விளக்கம் 1,490 எளிய வார்த்தைகளுக்குள். அந்த 1,490 தெரிந்தால் மற்றதையெல்லாம் நீயே படித்துப் புரிந்துகொள்ளலாம். 1978-ல் வந்த லாங்மன் அகராதியும் இதே வழிதான், ஏறக்குறைய 2,000 வார்த்தைக்குள் எல்லா விளக்கமும். அதற்கப்புறம் 1987-ல் கோபில்ட் என்று ஒன்று வந்தது. அது விளக்கத்தையே முழு வாக்கியமாக எழுதியது, "நீ இப்படிச் செய்தால்", "ஒருவர் இப்படி இருந்தால்" என்று. நான் அதைப் பார்த்தபோது சிரித்துவிட்டேன். எங்கள் அம்மா எதற்கு அர்த்தம் சொன்னாலும் "இப்போ நீ ஒரு இடத்துக்குப் போறன்னு வையி" என்றுதான் ஆரம்பிப்பார்.

அந்த "வையி" தான் உங்களுக்கு வேண்டியது. 'பாரோ', 'லெண்ட்' இரண்டும் எல்லாப் பிள்ளைக்கும் குழம்பும். கடன் வாங்குதல், கடன் கொடுத்தல் என்று எழுதிக் கொடுத்தால் கடன் என்றதும் பிள்ளைக்கு வீட்டில் வட்டிக்கு வாங்கிய பணம்தான் ஞாபகம் வரும். "பக்கத்து வீட்டுல கோடாலி எரவலு வாங்கினா, நீ செய்தது பாரோ. அவங்க செய்தது லெண்ட். திருப்பிக் குடுக்கணும், குடுக்காட்டி அது வேற பேரு" என்று சொல்லிப் பாருங்கள். எது அந்தச் சொல்லுக்குள் வராது என்று காட்டுவதும் நல்ல வழி. கடையில் காசு கொடுத்து வாங்கினால் பாரோ இல்லை, ஏன்? பிள்ளையே காரணம் சொல்லும்.

இன்னொன்று, செயலுக்குச் செயலையும் பொருளுக்குப் பொருளையும் குணத்துக்குக் குணத்தையும்தான் சொல்ல வேண்டும். 'ஹேப்பி' என்றால் 'ஸ்மைல்' என்று எழுதிக்கொண்டு வருகிற பிள்ளைகள் நிறைய. சிரிப்பு வெளியே தெரிவது, சந்தோஷம் உள்ளே இருப்பது. போட்டோ எடுக்கும்போது சந்தோஷம் இல்லாமலே சிரிக்கிறோமே என்று கேட்டால் உடனே பிடித்துக்கொள்வார்கள். ஒரு வார்த்தைக்கு நாலு அர்த்தம் இருந்தால், பாடத்தில் எது வருகிறதோ அது ஒன்றே போதும். ஆற்றங்கரையும் பேங்க்தான் என்பதைக் குழித்துறை ஆறு வரும் பாடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கையில் காட்ட முடியாத சொற்கள்தான் கஷ்டம். 'பிரேவ்' என்பதற்கு ஒரு நோட்டில் 'நாட் அஃப்ரெய்ட்' என்று இருந்தது. பயம் இல்லாதவன். நான் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தேங்காய்ப்பட்டணம் பக்கமிருந்து ஒரு பையன் வருவான், அப்பா வள்ளத்தில் போகிறவர். ஜூன், ஜூலையில் எங்கள் மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வள்ளங்கள் மட்டும் போகும், அலையோ வீட்டு வாசலுக்கு வரும். அவன் சொன்னான்: "எங்க அப்பாக்குப் பேடி உண்டு டீச்சர். பேடிச்சுட்டேதான் போவாரு." பேடி என்று எங்கள் பக்கம் பயத்தைச் சொல்வோம். பக்கத்தில் இருந்த பெண்பிள்ளை, "அப்போ அதுதான் பிரேவ். பேடி இல்லாட்டி யாருக்கும் போலாமே" என்றது. அச்சடித்த விளக்கத்தைவிட இது சரியானது என்று நான் இன்றைக்கும் வாதாடுவேன்.

இதைவிடப் பெரிய ரகளை 'ஐலண்ட்' என்ற வார்த்தைக்கு நடந்தது. நாற்புறமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதி என்று எல்லோரும் ஆங்கிலத்தில் கடகடவென்று ஒப்பித்தார்கள். பள்ளியில் இதற்கு முழு மார்க். சரி, கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறை ஐலண்டா என்று கேட்டேன். சத்தமே இல்லை. எல்லோரும் படகில் போய்ப் பார்த்த இடம். அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள். சுற்றித் தண்ணீர் இருக்கிறதே, ஐலண்ட்தான் என்று ஒருவன். "அது பாறைதானே, மண்ணு இல்லியே" என்று இன்னொருவன். "பாலம் போட்டாச்சே, பின்ன எப்பிடி ஐலண்டு?" என்று ஒருத்தி. 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலத்தைச் சொல்கிறாள், 77 மீட்டர் நீளம். "அது பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் இடையிலதான், கரைக்கு வரல்லியே" என்று உடனே பதில். கடைசியில் ஒரு சின்னப் பையன், டியூஷனிலேயே மெதுவாகப் படிப்பவன் என்று பெயர் வாங்கியவன், தீர்ப்புச் சொன்னான்: "தெங்கு நட்டாப் பிடிக்கணும். அப்போதான் ஐலண்டு."

தென்னை நட்டால் வேர் பிடிக்க வேண்டும் என்கிறான். சிரிக்காதீர்கள். 1982-ல் உலக நாடுகள் கூடிப் போட்ட கடல் சட்ட உடன்படிக்கையில் 121-ஆவது பிரிவு தீவைப் பற்றியது. மனிதர் குடியிருக்கவோ சொந்தமாகப் பிழைப்பு நடத்தவோ முடியாத பாறைக்குத் தனிப் பொருளாதாரக் கடல் மண்டலம், அதாவது மீனும் மற்ற வளங்களும் அந்த நாட்டுக்கே என்கிற கடல் பகுதி, கிடையாது என்று அதில் இருக்கிறது. எது பாறை, எது முழுத் தீவு என்று நாடுகள் இன்னமும் அடித்துக்கொள்கின்றன. எங்கள் பையன் தெங்கை வைத்துச் சொன்னது கிட்டத்தட்ட அதே விஷயம்தான். மனப்பாடம் செய்தபோது இந்தக் கேள்வி எதுவுமே அவர்களுக்கு வரவில்லை.

தமிழில் அர்த்தம் போட்ட டிக்‌ஷனரி வாங்கினால் போதாதா என்று கேட்கலாம். எங்கள் ஊரில் அதிலும் சிக்கல். 'டேபியோக்கா' என்றால் மரவள்ளிக்கிழங்கு என்று போட்டிருக்கும். தினம் மரச்சீனி தின்கிற பிள்ளைக்கு மரவள்ளி என்றால் தெரியாது. 'கேஷ்யூ நட்' என்றால் முந்திரிப்பருப்பு என்கிறது புத்தகம், வீட்டில் அது அண்டிப்பருப்பு. 1956 நவம்பர் 1-ஆம் தேதியே தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டோம், இன்னமும் சென்னைக்குப் போனால் "நீங்க கேரளாவா?" என்று கேட்கிறார்கள். ஆகவே வீட்டுச் சொல்லை முதலில் சொல்லுங்கள், புத்தகத் தமிழை அடுத்து, ஆங்கிலத்தை அதன்மேல். பிள்ளையின் தமிழ் கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் கண்டுகொள்ளாதீர்கள். வீட்டுப் பேச்சால் எந்தப் பிள்ளையின் தமிழும் கெட்டதில்லை.

எனக்கு இதுவரை ஒழுங்காகச் சொல்லிக் கொடுக்க முடியாத வார்த்தை ஒன்று உண்டு, 'க்வயட்'. ஏனென்றால் எங்கள் வீட்டு முன்னால் அது கிடையாது. பிள்ளைகள் வந்து உட்காருகிற நேரம் பார்த்து கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர் லாரிகள் கேரளாவை நோக்கி வரிசையாகப் போகும். மலையை உடைத்து அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். பாரம் அளவுக்கு மேல், தார்ப்பாய் பாதி மூடியும் மூடாமலும், சாலை பள்ளம் பள்ளமாக. புழுதி நோட்டில் வந்து படியும். சின்னப் பிள்ளைகள் சைக்கிளில் வருகிற சாலை. மனு கொடுத்துவிட்டோம், மறியல் செய்தவர்களையும் பார்த்துவிட்டோம், சில நாள் லாரி குறையும், பிறகு பழையபடி. ஒருநாள் டிக்டேஷன் சொல்லிக்கொண்டிருக்கும்போது லாரி போனதில் 'மவுண்டன்' என்றது ஒரு பிள்ளைக்கு 'ஃபவுண்டன்' என்று கேட்டிருக்கிறது. மலை இருந்தால்தானே சரியாகக் கேட்கும் என்று எனக்குக் கோபம் வந்தது. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மன்னிக்கவும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "இதெல்லாம் பேச நன்றாக இருக்கும், பரீட்சையில் தெங்கு நட்டால் பிடிக்கணும் என்று எழுத முடியுமா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். முடியாது. பள்ளியில் கொடுத்த வரியைத்தான் எழுத வேண்டும், அதையும் படிக்க வைக்கிறேன். ஆனால் புரிந்த பிறகு படிக்க வைக்கிறேன். புரிந்த வரி சீக்கிரம் மனதில் நிற்கும், ஒரு வார்த்தை விட்டுப்போனாலும் பிள்ளை தானாகப் போட்டு நிரப்பிக்கொள்ளும். புரியாத வரியில் ஒரு வார்த்தை தவறினால் மொத்தமும் போச்சு. ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயேதான் சொல்லிக் கொடுக்க வேண்டும், தமிழ் கலக்கக் கூடாது என்கிற கட்சியும் உண்டு. வசதியுள்ள வீட்டில், நாள் முழுக்க ஆங்கிலம் காதில் விழுகிற பிள்ளைக்கு அது சரிப்படும். டியூஷன் முடிந்து ரப்பர் பால் எடுக்க அப்பாவோடு போகிற பிள்ளைக்கு அந்தச் சட்டம் பேசக் கூடாது.

உங்கள் வீட்டில் செய்ய: பத்து வார்த்தையில் மூன்றை மட்டும் எடுங்கள். நீங்கள் அர்த்தம் சொல்ல வேண்டாம். டீச்சரிடம் கேட்டோ போனில் பார்த்தோ நீங்கள் தெரிந்துகொண்டு, வீட்டுக்குள் நடந்த ஒன்றைச் சொல்லி "இதுக்கு என்ன பேரு?" என்று கேளுங்கள். பிறகு அவளையே தம்பிக்கோ பாட்டிக்கோ விளக்கச் சொல்லுங்கள். பாட்டிக்குப் புரிந்தால் பாஸ். மீதி ஏழை அவள் எப்படியாவது ஒப்பித்துவிட்டுப் போகட்டும், பரவாயில்லை.

டிக்‌ஷனரி எது என்று கேட்டிருந்தீர்கள். பெயர் சொல்ல மாட்டேன், கமிஷன் வாங்கினேன் என்பார்கள். கடையில் நின்றபடியே 'சால்ட்', 'டோர்', 'ஸ்லீப்' மூன்றையும் எடுத்துப் பாருங்கள். உப்புக்கு சோடியம் குளோரைடு என்றும், கதவுக்கு 'பேரியர்' என்றும், தூக்கத்துக்கு 'பீரியாடிக் ஸ்டேட்' என்றும் இருந்தால் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள், எவ்வளவு படம் இருந்தாலும் சரி. மூன்றும் பிள்ளைக்குத் தெரிந்த சொற்களில் இருந்தால் வாங்கலாம், பழைய பதிப்பாக இருந்தாலும் போதும். தைத்த பைண்டிங்காகப் பார்த்து வாங்குங்கள். பசை ஒட்டியது நம் ஊர் ஆனி ஆடி மழையில் பக்கம் பக்கமாகக் கழன்று வந்துவிடும்.